கூரைக்குக் கீழே இருக்கும் நிலம்: மினாங்கபாவ் தாய்வழி மரபு இன்று

பாடாங் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே அந்தக் கூரை கண்ணில் பட்டுவிடும். நடுவில் தாழ்ந்து, இரு முனைகளிலும் எருமைக் கொம்பாக வளைந்து வானத்தை நோக்கி ஏறும் கூரை. மேற்கு சுமத்திரா முழுவதும் அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் அதே வடிவம்தான். புக்கித்திங்கி நகரின் மணிக்கூண்டு டச்சுக்காரர் காலத்தில், 1926இல் கட்டப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பிறகு அதன் உச்சியை மாற்றி இந்தக் கூரையை வைத்தார்கள். ஜகார்த்தாவில் பாடாங் சாப்பாட்டுக் கடையைத் தேடுகிறவர்களுக்குப் பெயர்ப்பலகை தேவைப்படாது. முகப்பில் கொம்பு தெரிந்தால் போதும்.

கூரை மினாங்கபாவ் மக்களுடையது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தோனேசியாவில் சுமார் 64 லட்சம் பேர் தங்களை மினாங்கபாவ் என்று பதிவு செய்திருந்தார்கள். தாய்வழியில் குலத்தையும் சொத்தையும் கடத்தும் சமூகங்களில் உலகிலேயே பெரியது இதுதான் என்பது மானிடவியலாளர்கள் பொதுவாக ஒப்புக்கொள்வது. பிள்ளைக்குத் தாயின் குலம். வீடும் வயலும் மகளுக்கு. இத்தனைக்கும் இவர்கள் இஸ்லாத்தில் ஊறிய மக்கள். இந்தோனேசியாவின் பேர்பெற்ற மார்க்க அறிஞர்கள் பலரைத் தந்தவர்கள்.

வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் சிலர் இதைப் பெண்கள் ஆளும் நாடு என்கிறார்கள். வேறு சிலர், அந்தக் காலம் முடிந்துவிட்டது, இப்போது மிஞ்சியிருப்பது சுற்றுலாவுக்கான கூரை மட்டுமே என்கிறார்கள். இரண்டு முடிவுகளும் வீட்டை வெளியே நின்று பார்ப்பதால் வருகின்றன. மரபின் நிலையைக் கூரை காட்டாது, நிலம்தான் காட்டும். பழைய நிலம் யார் கையில் இருக்கிறது, புதிதாக ஏதாவது நிலம் அந்தக் கைக்கு வந்து சேருகிறதா என்ற இரண்டு கேள்விகளோடு அங்கே போகிறவருக்கு வேறொரு ஊர் தென்படும்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். ‘ரூமா கடாங்’ எனப்படும் பெரிய வீடு, ஒரு பாட்டியின் வழியில் வந்த பெண்கள் பிள்ளைகளோடு கூடி வாழ்வதற்காக எழுந்தது. முன்பக்கம் நெடுகத் தடுப்பில்லாத கூடம். கல்யாணமோ சாவோ குலத்தின் கூட்டமோ எல்லாம் அங்கேதான். பின்பக்கம் வரிசையாகச் சிறு அறைகள். ஒவ்வோர் அறையும் திருமணமான ஒரு பெண்ணுக்கு உரியது. கடைசியாகக் கல்யாணமானவளுக்கு ஒரு கோடியில் உள்ள அறை. அடுத்தவளுக்குக் கல்யாணமானதும் அவள் அதை விட்டுக்கொடுத்து ஓர் அறை தள்ளிப் போவாள். இப்படி நகர்ந்து, வயதாக ஆக, சமையற்கட்டுப் பக்கமுள்ள மறுகோடிக்கு வந்து சேர்வாள். வீட்டின் நீளம் அந்தக் குலத்தில் எத்தனை பெண்கள் என்பதைப் பொறுத்தது. அறைகள் போதாமல் போனால் வீட்டை நீட்டுவார்கள், அல்லது பக்கத்திலேயே இன்னொன்று எழுப்புவார்கள்.

ஆண்பிள்ளைக்கு அங்கே அறை கிடையாது. அந்தக் காலத்தில் ஏழெட்டு வயதானதும் பையன் இரவில் சூராவுக்குப் படுக்கப் போய்விடுவான். சூராவ் என்பது ஊரின் சிறு தொழுகைக் கூடம். ஓதக் கற்றதும், சீலாட் என்ற தற்காப்புக் கலையைப் பழகியதும், தூங்கியதும் அங்கேதான். கல்யாணத்துக்குப் பின் இரவில் மனைவியின் அறைக்குப் போவான். பகலில் தாய் வீட்டு வயலில் வேலை பார்ப்பான். மனைவி இறந்தால், அல்லது மணமுறிவு ஏற்பட்டால், கிழவனானாலும் அவன் திரும்பிப் போன இடம் சூராவ்தான். மினாங்கபாவ் ஆணின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த அறையின்மையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரை விட்டுப் போய்ச் சம்பாதிக்கும் ‘மெரந்தாவ்’ வழக்கம், ஜகார்த்தாவின் சந்தைகள், நாடெங்கும் பரவிய சாப்பாட்டுக் கடைகள், அரசியல் தலைவர்களின் நீண்ட வரிசை எல்லாவற்றின் அடியிலும் அது இருக்கிறது. புக்கித்திங்கியில் பிறந்த முகம்மது ஹத்தா, பாடாங் பாஞ்சாங்கில் பிறந்த சுதான் ஷாரிர், லிமா புலு கோத்தாவில் பிறந்த தான் மலாக்கா ஆகிய மூவரும் இந்தோனேசியக் குடியரசை உருவாக்கியவர்கள். மூவரும் வீட்டை விட்டுப் போனவர்கள்.

கட்டுமானத்தின் திறமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தூண்களை மண்ணில் புதைப்பதில்லை. தட்டையான கற்களின் மேல் நிறுத்துகிறார்கள். சுவர்கள் மேலே போகப் போகச் சற்று வெளிப்புறமாகச் சாய்கின்றன. மரத்துக்கு மரம் பொருத்துவாயும் ஆப்பும்தான், ஆணி இல்லை. பூமி குலுங்கினால் வீடு முழுவதும் ஒன்றாக ஆடி நிற்கும். 2009 செப்டம்பர் 30 அன்று 7.6 அளவுள்ள நிலநடுக்கம் பாடாங்கைத் தாக்கி 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, இடிந்து உயிர்களை வாங்கியவற்றில் பெரும்பாலானவை செங்கல்லும் கான்கிரீட்டும் கொண்ட கட்டடங்கள். முன்சுவரில் செதுக்கு வேலை. பின்சுவர் மூங்கில் பின்னல். கூரைக்குச் சர்க்கரைப் பனையின் கறுப்பு நார். இன்று பெரும்பாலும் தகரம். நார் வேய்வதற்கு ஆகும் செலவும், அந்த வேலை தெரிந்த ஆட்கள் குறைந்துபோனதும் காரணம்.

முற்றத்தில் நிற்கும் நெற்களஞ்சியங்களைப் பலர் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ‘ரங்கியாங்’ எனப்படும் அவற்றுக்குத் தனித்தனிப் பெயரும் வேலையும் உண்டு. ஒன்றில் அன்றாடச் சாப்பாட்டுக்கான நெல். இன்னொன்றில் இருப்பது வெளியிலிருந்து பொருள் வாங்க விற்பதற்கானது. மூன்றாவது பஞ்ச காலத்துக்கும் இல்லாதவர்களுக்கும். சாவி வீட்டின் மூத்த பெண்களிடம். வீட்டையும் வயலையும் இணைக்கும் கண்ணி இந்தக் களஞ்சியம். வீடுகள் புதுப்பிக்கப்பட்ட பல இடங்களில் களஞ்சியங்கள் காலியாக, அலங்காரமாக நிற்கின்றன. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம், கூரையில் தகரம் ஏறியதைப் பார்த்தபோது ஏற்படவில்லை.

அப்படியென்றால் ஆள்வது யார்? தாயின் சகோதரன், மாமாக், இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளி. அந்தச் சகோதரர்களில் ஒருவர் ‘டத்தூக்’ பட்டம் ஏற்றுக் குலத்தலைவராக ஊர் மன்றத்தில் பேசுவார். பட்டம் தாய்வழியில்தான் வரும், ஏற்பவர் ஆண். கணவன், ‘சுமாண்டோ’, மரியாதைக்குரிய விருந்தாளி. மரக்கட்டையின் மேல் படிந்த சாம்பல் என்று பழைய பேச்சு வழக்கு அவனைச் சொல்லும். ஒரு காற்று அடித்தால் போய்விடுவான். ஆனால் அதே ஆண் தன் சகோதரியின் வீட்டில் மாமாக். சொந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள், மருமக்களைக் கைபிடித்து நடத்து என்பது அவனுக்குச் சொல்லப்பட்ட நெறி.

பேசும் உரிமை ஆணிடமும் உடைமை பெண்ணிடமும் பிரிந்து கிடக்கும் இந்த ஏற்பாட்டைத் தாயாட்சி என்று அழைக்கலாமா என்பது நெடுநாளைய விவாதம். அமெரிக்க மானிடவியலாளர் பெகி ரீவ்ஸ் சாண்டே 2002இல் வெளியிட்ட நூலில் அழைக்கலாம் என்றார். ஆண்களின் ஆட்சியைத் தலைகீழாக்கித் தேடினால் அது எங்கும் கிடைக்காது, சமூகத்தின் மையத்தில் தாய் இருக்கிறாளா என்றே பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். எனக்கு அந்தப் பெயரில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் அவர் சுட்டும் உண்மை கனமானது. மாமாக் எவ்வளவு பெரிய பட்டக்காரராக இருந்தாலும் வீட்டின் மூத்த பெண்கள் தலையசைக்காமல் ஒரு துண்டு வயலைக்கூட அடகு வைக்க முடியாது.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே நாஞ்சில் நாடு நினைவுக்கு வரும். கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ காட்டும் அமைப்பிலும் சொத்து தாய்வழிதான். ஆனால் அங்கே மனைவி கணவன் வீட்டில் வாழ்ந்தாள், கணவன் சொத்தோ அவனுடைய சகோதரியின் மகன்களுக்குப் போனது. அவன் கண்ணை மூடினால் அவளும் பிள்ளைகளும் தெருவில். 1926இல் திருவிதாங்கூர் சட்டம் அந்த முறையை மாற்றியபோது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நிம்மதி வந்தது என்றே சொல்ல வேண்டும். மினாங்கபாவில் பெண் தன் தாய் வீட்டை விட்டு நகர்வதே இல்லை. கணவன் போனாலும் அவள் காலடியில் தரை இருக்கிறது. தாய்வழி என்ற ஒரே பெயரில் இரண்டையும் சேர்த்துப் பேசுவது பெரும் தவறு. பெண் எங்கே குடியிருக்கிறாள் என்பதே வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது.

அந்தத் தரைதான் ‘புசாக்கோ திங்கி’, அதாவது பரம்பரையாக வந்த உயர் சொத்து. வயல், வீட்டுமனை, தோப்பு, குளம் எல்லாம் அதில் அடங்கும். அது யாருடைய தனி உடைமையும் அல்ல. ஒரு தாய்வழிக் குலத்தின் பொது உடைமை. பெண்கள் அனுபவிப்பார்கள், மாமாக் மேற்பார்ப்பார். விற்கக் கூடாது. அடகு வைக்கவும் நான்கே காரணங்களை மரபு ஏற்கிறது. வீட்டு நடுவில் பிணம் கிடந்து அடக்கம் செய்யப் பணமில்லாதபோது. வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமல் நிற்கும்போது. பெரிய வீட்டின் கூரை ஒழுகும்போது. ஆளில்லாமல் அமிழ்ந்து கிடக்கும் குலத்தலைவர் பட்டத்தை மீட்டு நிறுவ வேண்டியபோது. நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தச் சமூகம் எதை விட்டுக்கொடுக்க மறுத்தது என்பது தெரிகிறது: இறந்தவருக்கு மரியாதை, அடுத்த தலைமுறை, வீடு, தலைமை. வியாபார நட்டமோ படிப்புச் செலவோ பட்டியலில் இல்லை. நடைமுறையில் இந்த நான்கு நெடுங்காலமாக நீட்டப்பட்டே வந்திருக்கிறது. ஆனாலும் அடகு வைத்த வயலை எத்தனை ஆண்டுக்குப் பின்னும் மீட்கலாம் என்ற விதி பெருமளவு நிலத்தைக் காப்பாற்றியது.

இந்த வயல்களின் பழமைக்கு மராப்பி எரிமலையின் சரிவே சாட்சி. தானா தாதாரில் உள்ள பரியாங்கானைத்தான் மினாங்கபாவ் மக்கள் தங்கள் முதல் ஊர் என்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஆதித்யவர்மன் ஆண்டதும் இந்தப் பகுதியில்தான். சுருஆசோ அருகே ஒரு நீர்க்காலைப் பற்றிய அவன் காலத்துக் கல்வெட்டின் ஒரு பகுதி தென்னிந்தியக் கிரந்த எழுத்தில் இருந்தது. சுமத்திராவின் தங்கம் தேடிப் போன நம்மூர் வணிகர்களின் தடம் அது என்று கொள்ள இடமுண்டு. எரிமலை கொடுத்த மண்ணை எரிமலையே எடுக்கவும் செய்கிறது. 2023 டிசம்பரில் மராப்பி வெடித்து மலையேறிகள் 24 பேர் இறந்தார்கள். 2024 மே மாதம் அதன் சாம்பலும் பாறையும் மழை வெள்ளத்தோடு இறங்கி அகாம், தானா தாதார் ஊர்களில் வீடுகளையும் வயல்களையும் மூடின.

இனி, இந்த விவாதத்தின் கடினமான பகுதி. இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தில் மகனுக்கு மகளைப் போல இரு பங்கு. மகனுக்கு ஒன்றுமே தராத சொத்து முறையோடு அது எப்படிச் சேர்ந்திருக்கிறது? எளிதாகச் சேரவில்லை. 1803இல் மெக்காவிலிருந்து திரும்பிய மூன்று ஹாஜிகள் தொடங்கிய பத்ரி இயக்கம் ஆயுதம் ஏந்தியது. அரச குடும்பத்தைச் சேர்ந்த பலர் கொல்லப்பட்டார்கள். பெரிய வீடுகள் எரிந்தன. மரபுத் தலைவர்கள் டச்சுக்காரரை அழைத்தார்கள். 1837இல் போன்ஜோல் கோட்டை விழுந்தபோது நாடும் டச்சுக்காரர் கைக்குப் போனது. வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி ஹேட்லர் தம் 2008ஆம் ஆண்டு நூலில் ஒரு முக்கியமான செய்தியைக் கவனப்படுத்துகிறார். பத்ரிகளின் தலைவர் துவாங்கு இமாம் போன்ஜோல், போர் முடிவதற்கு முன்பே, கைப்பற்றிய பொருள்களைத் திருப்பித் தந்து மரபுத் தலைவர்களோடு சமாதானம் நாடினார். மரபு மார்க்கத்தின் மேல் நிற்கிறது, மார்க்கம் இறைவேதத்தின் மேல் நிற்கிறது என்ற இன்றைய மினாங்கபாவ் கொள்கைக்குப் பின்னால் அவ்வளவு ரத்தம் இருக்கிறது.

வாதம் அதோடு முடியவில்லை. மெக்காவின் பெரிய பள்ளிவாசலில் ஷாஃபி மத்ஹபின் இமாமாக இருந்த அகமது கத்தீப் ஒரு மினாங்கபாவ்காரர். தாய்வழி வாரிசுமுறை பிறர் பொருளை அபகரிப்பது என்று எழுதிய அவர், கடைசிவரை ஊர் திரும்பவில்லை. அவருடைய மாணவரான ஹாஜி ரசூல் வேறு வழி கண்டார். பரம்பரைச் சொத்தை வக்ஃபு போலக் கருதலாம். யாருக்கும் சொந்தமில்லாததைப் பங்கு போட வேண்டியதில்லை என்றார். ஹாஜி ரசூலின் மகன் ஹம்கா 1938இல் எழுதிய ‘வான் டெர் வைக் கப்பலின் மூழ்கல்’ நாவலில் மரபின் இன்னொரு கொடுமையைச் சொன்னார். கதாநாயகனின் அப்பா மினாங்கபாவ், அம்மா பூகிஸ் இனத்தவர். அதனால் அவனுக்குத் தந்தையின் ஊரில் குலமே இல்லை. ஆகவே பெண் தரவும் ஆளில்லை. தாய்வழியின் அரவணைப்பைப் புகழ்கிறவர்கள் அதன் வாசலில் நிறுத்தப்பட்ட இப்படிப்பட்டவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தீர்வு 1952இல் வந்தது. புக்கித்திங்கியில் கூடிய உலமாக்களும் மரபுத் தலைவர்களும் படித்தவர்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பரம்பரைச் சொத்து மரபின்படி, சுயமாகச் சம்பாதித்தது இஸ்லாமியச் சட்டத்தின்படி. 1968இல் பாடாங்கில் நடந்த கருத்தரங்கும் அதையே உறுதி செய்தது. மினாங்கபாவ் மட்டும் தனி விந்தை என்று எண்ண வேண்டாம். வட மலபார் மாப்பிள்ளைகள், லட்சத்தீவு மக்கள், தாய்வழிக் குடிகளும் மகளுக்கு வீடும் கொண்ட மட்டக்களப்புப் பகுதியின் தமிழ் பேசும் முஸ்லிம்கள் என இந்தியப் பெருங்கடலோரம் பல இடங்களில் ஷாஃபி முஸ்லிம்கள் பெண்வழி வீட்டோடு வாழ்ந்திருக்கிறார்கள். கடல் கடந்து போகும் ஆண்களும் ஊரில் நிற்கும் பெண்களும் எங்கே சேர்கிறார்களோ அங்கே இந்த ஏற்பாடு பொருந்தியிருக்கிறது.

சுமத்திராவிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மலாய்த் தீபகற்பத்துக்குப் போனவர்கள் அமைத்த நெகிரி செம்பிலானில் கதை வேறு விதமாகப் போயிற்று. சிரம்பான், போர்ட் டிக்சன் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வேலைக்கு வந்த நம் மக்களுக்கு அது தெரிந்த மண்தான். ரப்பர் காலத்தில், 1909இல், பிரிட்டிஷ் நிர்வாகம் மரபு நிலத்துக்கென்று சட்டமே இயற்றியது. 1926இல் அதைத் திருத்தி அமைத்தது. கோலா பிலா, ரெம்பாவ் போன்ற பகுதிகளில் மரபு நிலம் பெண்கள் பெயரில் பதிவாகி, குலத்துக்குள் மட்டுமே கைமாற முடியும் என்றாயிற்று. 1951இல் ரெம்பாவில் இந்த நிலத்தையும் மார்க்கச் சட்டத்தின்கீழ் கொண்டுவர முயற்சி நடந்தது. பெண்கள் கொதித்தெழுந்தார்கள், அதை ஆதரிக்கும் கணவர்களை விட்டுவிடுவோம் என்று எச்சரிக்கும் அளவுக்குப் போனார்கள். முயற்சி கைவிடப்பட்டது. 1908இல் முடிந்த செரி மெனாந்தியின் பழைய மர அரண்மனையைப் பார்க்கப் போகிறவர்கள், அதன் 99 தூண்களோடு பக்கத்து ஊர் நிலப் பதிவேடுகளில் உள்ள பெண் பெயர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே சட்டம் காத்தது. ஆனால் சட்டம் மரபை உறைய வைத்துவிட்டது. இளைஞர்கள் ஊரை விட்டுப் போனதும் வயல்கள் பல தரிசாகக் கிடக்கின்றன. வெளியார் அவற்றை வாங்க முடியாது.

சுமத்திராவில் காப்பு சட்டத்தில் இல்லை, ஊரில் இருந்தது. ‘நகரி’ என்ற தன்னாட்சி ஊரே மரபின் நீதிமன்றம். 1979ஆம் ஆண்டு கிராம நிர்வாகச் சட்டம் ஜாவாவின் கிராம அமைப்பை நாடெங்கும் ஒன்றாகத் திணித்தபோது நகரிகள் துண்டாக்கப்பட்டன. சுஹார்த்தோ ஆட்சி விழுந்த பின், 2000இல், மாநிலச் சட்டத்தின் மூலம் நகரி திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த தலைமுறைக்கு ஊர் மன்றத்தில் பேசும் மொழியே பழக்கமில்லாமல் போயிற்று என்ற குறையை அங்கே நெடுகக் கேட்கலாம்.

கட்டடங்களுக்கு மட்டும் பாதுகாவலர்கள் குறையவில்லை. பாகாருயுங் அரண்மனை பத்ரிகள் காலத்தில் எரிந்தது, 1966இல் எரிந்தது, 2007 பிப்ரவரியில் மின்னல் தாக்கி எரிந்தது. ஒவ்வொரு முறையும் எழுப்பினார்கள். 2013இல் திறந்த இப்போதைய கட்டடம் 72 தூண்களோடு கம்பீரமாகவே நிற்கிறது. நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சிஜுன்ஜுங்கில் தெருவின் இரு பக்கமும் பெரிய வீடுகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றில் குடும்பங்கள் வாழ்கின்றன. தெற்கு சோலோக்கில் உள்ள ‘ஆயிரம் பெரிய வீடுகளின் நகரி’யிலும் அப்படியே. பலிம்பிங்கில் மரம் கறுத்துப்போன பழைய வீடுகள் உண்டு. அங்கே கூரையை யார் மாற்றினார்கள், பணம் எங்கிருந்து வந்தது, இந்த வீட்டுக்குச் சோறு போடும் வயல் எது என்று மூத்த பெண்களிடம் கேட்டால் சரியான உரையாடல் தொடங்கும்.

1952 உடன்பாட்டின் பின்விளைவு அந்த உரையாடலில்தான் தெரியும். முன்பு ஓர் ஆண் காடு திருத்திச் சம்பாதித்த வயல் அவனுடைய சகோதரிகளின் வழியில் போய், இரண்டு மூன்று தலைமுறை கழிந்து, குலத்தின் பரம்பரைச் சொத்தாகக் கலந்துவிடும். பழைய நிலம் அடகில் போனாலும் புதிய நிலம் வந்து இருப்பை நிரப்பியது. சுயசம்பாத்தியம் முழுவதும் பிள்ளைகளுக்கு என்று ஆன பிறகு அந்த வாய்க்கால் அடைபட்டது. அந்த உடன்பாடு நியாயமானது. தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையில் இருந்த ஒரு குறையை அது தீர்த்தது. ஆனால் குலத்தின் கையிருப்பு இனி குறைய மட்டுமே முடியும், கூட வழியில்லை. சாலைக்கும் வளாகங்களுக்கும் நிலம் போகிறது. குலத்தில் பெண் குழந்தையே பிறக்காமல் வழி அற்றுப்போகிறது. தனிப் பட்டா வாங்கிவிட்டால் வழக்கு. மினாங்கபாவ் குடும்பத்தின் ஆழமான அச்சம் பெண் பிறக்காமல் போவதுதான்.

இதனாலேயே தாய்வழி முடிகிறது என்று சொல்லிவிட முடியாது. ஜகார்த்தாவிலோ பெக்கான்பாருவிலோ கடை நடத்துகிறவர் ஊரில், மனைவியின் தாய் வீட்டு மனையில், பெரிய வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு படுக்கையறை கொண்ட சிமென்ட் வீடு கட்டுகிறார். மார்க்கச் சட்டப்படி மகனுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் உயிரோடு இருக்கும்போதே அன்பளிப்பாக அதை மகளுக்கு எழுதிவைக்கும் தகப்பன்மார் நிறைய. மகன்களும் கேட்பதில்லை, அவர்களுக்கு மனைவி வீடு இருக்கிறது. ஆகவே தாய்க்குப் பின் மகள் என்ற வரிசை தொடர்கிறது. தேய்வது அதைச் சுற்றியிருந்த குலம். பழைய வயலில் விதவையாகித் திரும்பிய சித்திக்கும், கடன்பட்ட பெரியம்மா பேத்திக்கும், வேலையிழந்து வெளியூரிலிருந்து வந்த சகோதரனுக்கும் கேட்டு உட்கார உரிமை இருந்தது. சிமென்ட் வீட்டின் பத்திரத்தில் மகளின் பெயர் மட்டும் இருக்கிறது.